துப்பட்டி தெக்கப் போற அம்மிணிக்கு

சிநேகிதிக்குக் குழந்தை பொறந்திருக்குது, கடைச் சாமானெல்லாம் குடுக்க மாட்டேன், என் கையாலயே ஒரு துப்பட்டி தெச்சுத்தான் குடுப்பேன்னு கெளம்பியிருக்கியாமா கண்ணு? உங்கம்மா போன்ல சொன்னா. எனக்குப் பெருமை தாங்கல. பட்டன் அறுந்த சுடிதாரைக் கூரியர்ல ஊருக்கு அனுப்பி, “அப்புச்சி, தெச்சு அனுப்புங்க”ன்னு சொன்ன புள்ள நீ. அந்தப் புள்ளையே ஊசி எடுத்துட்டான்னா நாட்டுக்கு நல்ல காலம் பொறந்துருச்சுன்னுதானே அர்த்தம்?

காலம்பூரா சென்னிமலை ரோட்டுல மிசின் மிதிச்சவன்ங்கற முறையில நாலு வார்த்தை சொல்றேன். நீ கேக்க மாட்டேன்னு தெரியும். கேக்கறவங்களுக்குப் புத்தி சொல்றதுல என்ன ருசி இருக்குது?

சாமானெல்லாம் வந்து எறங்கிருச்சாம். சக்கரம் வெச்ச கத்தி, அதுக்குக் கீழ வெக்கப் பச்சைப் பலகை, கண்ணாடி ஸ்கேலு, கலர்கலரா கிளிப்பு, டப்பா நெறைய நூலு. துணி மட்டும் இன்னும் முடிவாகலையாமா. சரியான வரிசைதான். எங்க காலத்துல துணி மொதல்ல வந்துரும், அப்புறந்தான் கத்திரிக்கோலை எங்க வெச்சோம்னு தேடுவோம். அதனாலதான் நாங்கெல்லாம் முன்னுக்கு வராமப் போயிட்டோம்.

சரி, யாருக்குத் தெக்கறேன்னு ரோசனை பண்ணிப் பாத்தியா? பொறந்த குழந்தைன்னா மூணு கிலோ சுமாரு எடை, ஒரு முழத்துக்குச் சித்த மேல நீளம். அதுக்குக் கண்ணு தெரியறது ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒன்னேகால் சாண் தூரம். அதுலயும் கருப்பும் வெள்ளையுமாப் பளிச்சுன்னு இருந்தாத்தான் பார்வை நிக்கும். நீ என்னமோ எளம் ரோசுல யானை, எளம் மஞ்சள்ல நெலா, சாம்பல்ல மேகம்னு படம் போட்டு வெச்சிருக்கியாமா. அந்த யானை குழந்தைக்குத் தெரியாது. உன்ற சிநேகிதி பாப்பாளான்னா, அவ ராத்திரியெல்லாம் முழிச்சுக் கண்ணு சொருகிக் கெடப்பா. அந்த யானையைப் பாக்கப் போறது உன்ற ஆபீசுல இருக்கற சனந்தான். அவங்களுக்கு வேணும்னா தனியா ஒன்னு தெச்சுக் குடு. ஆளுக்கொரு மூலையைப் புடிச்சுக்கிட்டு ஆகா ஓகோன்னு சொல்லட்டும்.

குழந்தைக்குத் தெக்கறதா இருந்தா, இந்த ஒரு சங்கதியில எங்கிட்டக் கேலி கெடையாது. குழந்தை டாக்டருங்க எல்லாரும் ஒரே பேச்சாச் சொல்றாங்க: ஒரு வயசு ஆகற வரைக்கும் தூங்கற குழந்தை பக்கத்துல துப்பட்டி, தலைகாணி, மெத்துமெத்துன்னு எதுவும் இருக்கக் கூடாது, மல்லாக்கத்தான் படுக்க வெக்கோணும். மூஞ்சியில துணி விழுந்தா எடுத்துப் போடக் கைக்குத் தெரியாத வயசு அது. அமெரிக்காவுல குழந்தை டாக்டருங்க சங்கம் குப்புறப் படுக்க வெக்காதீங்கன்னு 1992லயே சொல்லுச்சு. அதுக்கப்புறம் பத்து வருசத்துல, தூக்கத்துலயே காரணம் தெரியாம செத்துப்போற குழந்தைங்க கணக்கு கிட்டத்தட்டப் பாதியாக் கொறஞ்சுருச்சு. அதனால உன்ற துப்பட்டி போத்தறதுக்குன்னு நெனைக்காதே. முழிச்சிருக்கறப்போ, ஆள் பக்கத்துல இருக்கறப்போ, தரையில விரிச்சுப் போடறதுக்கு. குப்புற விழறதும், தலையைத் தூக்கறதும், கையை ஊணறதும் எல்லாம் அது மேல நடக்கட்டும். இதை உன்ற சிநேகிதிகிட்ட வாயைத் திறந்து சொல்லியும் போடு. குடுத்தது நீங்கறதுக்காக அவ பாசத்துல தொட்டில்ல போட்டு வெச்சுருவா.

அளவு ரெண்டு முழம் அகலம், ரெண்டரை முழம் நீளம். அதுக்கு மேல ஒரு வெரக்கடையும் வேண்டாம். பெருசாத் தெச்சாப் பெரிய மனசுன்னு பேரு வரும்னு நெனைச்சு டபுள் கட்டில் அளவுக்குப் போயிராதே. குழந்தை ஒரு மூலையில கெடக்கும், மிச்சத்துல அதோட பாட்டி படுத்துக் கொறட்டை விடுவா.

இப்பத் துணிக்கு வருவோம். புதுசா, பழசா? புதுத்துணிதான் மரியாதைன்னு நீ சொல்லுவே. நம்ம பக்கம் பொறந்த குழந்தைக்கு மொதல்ல சுத்தறது பழந்துணிதான் கண்ணு. வயசு மூத்தவங்க கட்டி நைஞ்ச வேட்டி, சேலை. கட்டினவங்க ஆயுசு குழந்தைக்கு ஒட்டிக்கும்னு பெரியவங்க சொல்லி வெச்சாங்க. ஆயுசு ஒட்டுதோ இல்லையோ, கஞ்சியும் சாயமும் ஒட்டாது. அதெல்லாம் எத்தனையோ வெளுப்புல வாய்க்காலோட போயிருக்கும்.

இது நமக்கு மட்டும் தெரிஞ்ச சூட்சுமமும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பீகார்க்காரம்மா ஒருத்தி எங்கிட்டச் சொல்லியிருக்கா. அவங்க முசாப்பர்பூர்ப் பக்கம் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டம் ஓட்டி, பொறந்த குழந்தைக்குன்னே தெப்பாங்களாம், சுஜனின்னு பேரு. இப்ப அதுல கதை கதையாப் படம் தெச்சு வெளியூருக்கு வித்து, நம்ம பவானி ஜமக்காளம் வாங்கின மாதிரியே புவிசார் குறியீடும் வாங்கிப்போட்டாங்க. வங்காளத்துல அந்தக் காலத்துல காந்தா தெச்சவங்க இன்னும் கெட்டிக்காரங்க. நூலுக்குக்கூடக் கடைக்குப் போனதில்லை. பழஞ்சேலையோட கரையில இருந்தே கலர் நூலை உருவி எடுத்து, அதையே ஊசியில கோத்துக்குவாங்க. உன்ற டப்பா நெறைய நூலைப் பாத்தா அந்தப் பொம்பளைங்க என்ன நெனைப்பாங்கன்னு தெரியலை, நல்லதாவே நெனைச்சுக்குவோம்.

பழஞ்சேலைன்னதும் பீரோவைத் தொறந்து கைக்கு வந்ததை இழுத்துராதே. சேலை எங்கெங்க நையும்னு சேலை கட்டறவளுக்கே தெரியாது, தையல்காரனுக்குத் தெரியும். உக்காந்து எந்திரிக்கற எடம் மொதல்ல போகும். இடுப்புல சொருகற எடம் அடுத்தது. தரையில இழுபடற அடிக்கரை மூணாவது. கொசுவத்துக்கு உள்ள மடிஞ்சு கெடந்த பாகம் கடைசி வரைக்கும் அலுங்காம இருக்கும். உங்க அமுச்சியோட நெகமம் சேலை ஒன்னு கெடக்குது, அதை சன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. இழை நெருக்கமாத் தெரியற எடம் ஆகும், நெழல் வெளுத்து ஓட்டை ஓட்டையாத் தெரியற எடம் ஆகாது. அப்பவும் சந்தேகம்னா ரெண்டு கையிலயும் புடிச்சு, கட்டைவெரலை ஒன்னோட ஒன்னு ஒட்டவெச்சு இழு. சர்ருன்னு ஒரு சின்னச் சத்தம் வந்தா அந்தத் துண்டை மிசின் தொடைக்க எடுத்துவெச்சுரு. சத்தமே இல்லாம, இட்லித் துணி பதத்துல கைக்குள்ள சுருண்டு கெடந்தா அதுதான் உன்ற துணி.

ஒரு சேலை அஞ்சரை மீட்டர். ரெண்டு முழத்துக்கு ஒரு வெட்டுன்னு போட்டா ஆறு துண்டு வரும், சேலையோட அகலமே உனக்கு ரெண்டரை முழம் ஆயிரும். நைஞ்சதைக் கழிச்சா நாலு துண்டுக்கு மோசமில்லை. நாலை அடுக்கினா ஒரு துப்பட்டி. பஞ்சு எதுக்கு? அந்த மெத்துமெத்துன்னு இருக்கற பாலியஸ்டர் பஞ்சு குளிர் நாட்டுக்காரங்களுக்கு. சித்திரை மாசம் அதை விரிச்சு குழந்தையை அது மேல போட்டா, குழந்தை வேகுமா வேகாதா? எலவம்பஞ்சு வெக்கலாமேன்னு கேப்பே. ஒரு தடவை தண்ணியில நனைஞ்சாப் போதும், கட்டிகட்டியா ஒருபக்கம் ஒதுங்கிக்கும். குழந்தை அதை நனைக்காம மரியாதையா நடந்துக்கும்னு உனக்கு நம்பிக்கை இருந்தா வெச்சுக்கோ.

சேலையில ஜரிகைக் கரை இருந்தா ஈவு இரக்கம் பாக்காம வெட்டி எறிஞ்சுரு. குழந்தைத் தோலுக்கு அது அரம். அப்புறம் இன்னொரு கண்டிசன், அந்துருண்டை வாசம் அடிக்கற சேலை வேண்டவே வேண்டாம். ஒருசில குழந்தைங்களுக்குப் பொறவியிலயே ரத்தத்துல ஒரு நொதி கொறைச்சலா இருக்கும், ஜி6பிடின்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்தக் குழந்தைக்கு அந்துருண்டையில இருக்கற நாப்தலீன் ஆகாது. அது ஏறின துணியைச் சுத்தினாலே ரத்தச் செவப்பணு ஒடஞ்சு காமாலை முத்திப்போகும். எந்தக் குழந்தைக்கு அந்தக் கொறை இருக்குதுன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. தொவைச்சாப் போயிருமேன்னு தர்க்கம் பண்ணாதே. அந்துருண்டை படாத சேலை ஊர்ல இல்லாமலா போச்சு?

இல்லை அப்புச்சி, எனக்குப் புதுத்துணிதான் வேணும், பழசைக் குடுத்தா அவ மாமியா என்ன நெனைப்பான்னு சொல்றியா? அதுவும் நாயந்தான். அப்படீன்னா பருத்தியா வாங்கு, வாங்கினதும் வெட்டாதே. ரெண்டு தடவை சுடுதண்ணியில அலசிக் காயப்போடு. சுருங்கறது இப்பவே சுருங்கிக்கட்டும். தெச்சதுக்கப்புறம் ஒரு துண்டு சுருங்கி ஒரு துண்டு சுருங்காம நின்னா, துப்பட்டி மேடும் பள்ளமுமாக் கெடக்கும். சாயத்துக்கு ஒரு பரிச்சை இருக்குது. வெள்ளைத்துணியை நனைச்சு அது மேல அழுத்தித் தேய். வெள்ளை வெள்ளையாவே இருந்தாத் தையி. செவந்துபோச்சுன்னா உப்புத் தண்ணியில ஊறப்போடறேன், படிகாரம் போடறேன்னு பண்டுதம் பாத்துக்கிட்டு இருக்காதே. கடைக்காரன் மூஞ்சியில கொண்டுபோய்ப் போடு.

சாயம் போறதுல நம்மூருக்கு உலகப் பேரே இருக்குது, தெரியுமா? மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை 1958ல அமெரிக்காக்காரர் ஒருத்தர் ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கிட்டுப் போனார். பச்சைத்தண்ணியில தனியா அலசோணும், இல்லாட்டிச் சாயம் ஓடும்னு வித்தவங்க சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் சட்டை வாங்கின சனத்துக்குப் போய்ச் சேரலை. மிசின்ல போட்டாங்க, கட்டமெல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து ஓடிருச்சு. கேஸு கீஸுன்னு கெளம்பினதும் விளம்பரக்காரன் ஒருத்தனுக்கு மூளை வேலை செஞ்சுது. “சாயம் கண்டிப்பாப் போகும், அதுக்கு நாங்க உத்தரவாதம்”னு அச்சடிச்சுட்டான். சனம் அடிச்சுப் புடிச்சு வாங்குச்சு. அமெரிக்காவுல அந்த ஜம்பம் பலிச்சுது அம்மிணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் படுக்கைவிரிப்பெல்லாம் செவந்துபோய் நிக்கற உன்ற சிநேகிதியோட மாமியாகிட்டப் போய், “இதான் இதோட விசேசம்”னு சொல்லிப் பாரு.

பனியன் வெட்டுத்துணி கிலோக் கணக்குல சல்லிசாக் கெடைக்குதேன்னு கண்ணு அங்க போகும். அது இழுத்தா நீளும், நெசவுத்துணி நீளாது. ரெண்டையும் சேத்துத் தெச்சா சம்பந்தி சண்டைதான். முழுசாப் பனியன் துணியிலயே தெக்கறதுன்னாத் தையி. அது மெல்லிசு, தண்ணி குடிக்கும், குழந்தைக்கு இதமா இருக்கும். ஊசி மட்டும் முனை உருண்டதா வாங்கிக்கோ, கூர் ஊசி இழையைக் குத்தி ஓட்டை போட்டுரும்.

இனித் தையல். துண்டுகளைத் தரையில விரிச்சு, சுருக்கம் இல்லாம நீவிவிட்டு, பின்னால பிரிச்சுடற பெருந்தையலா நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓட்டிக்கோ. ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வந்தீன்னா சுருக்கமெல்லாம் வயித்துல வந்து சேந்துக்கும். அப்புறம் நூலோட்டம். ஊசியைத் துணிக்குள்ள நாலஞ்சு தடவை ஏத்தி எறக்கி, மொத்தமா இழு. ஒரு நெல்லு நீளத்துக்கு ஒரு தையல். நூல் ஒரு கை நீளத்துக்கு மேல வேண்டாம், நீள நூல் சிக்கு விழும். தேன்மெழுகுல ஒரு தடவை இழுத்துக்கிட்டா வழுக்கிக்கிட்டுப் போகும். முடிச்சை மேல விடாதே. போட்ட முடிச்சை, ஊசி நொழைஞ்ச ஓட்டை வழியாவே வெடுக்குன்னு ஒரு இழு இழுத்தா ரெண்டு துணிக்கும் நடுவுல போய் ஒளிஞ்சுக்கும். வெளிய நின்னா அது குழந்தை முதுகுல உறுத்தும், சொல்லத் தெரியாம அழும். பசிக்கு அழுவுதுன்னு அவ பால் குடுத்துக்கிட்டே இருப்பா.

கோணலாப் போகுதே அப்புச்சின்னு போட்டோ அனுப்புவே. போகட்டும். குழந்தை ஸ்கேல் வெச்சுப் பாக்காது. ஆனா ஊசியை எண்ணி எடு, எண்ணி வை. ஒன்னு கொறைஞ்சாக்கூட, அது கெடைக்கற வரைக்கும் துப்பட்டி உன்ற வீட்டை விட்டுப் போகக் கூடாது. காந்தம் ஒன்னு வாங்கித் துப்பட்டி மேல பூரா ஓட்டிப் பாத்துரு. நீ வாங்கின சாமான்ல அது ஒன்னுதான் இல்லைன்னு நெனைக்கறேன்.

அழகுக்குன்னு மணி, பாசி, ஜிகினா, பட்டன் எதையும் வெச்சுராதே. ஆறு மாசத்துல எல்லாம் வாய்க்குள்ள போயிரும். அழகு வேணும்னா உத்தர கன்னடப் பக்கம் இருக்கற சித்தி சனத்தைப் பாத்துக் கத்துக்கோ. ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க வம்சம் அவங்க. பழந்துணியை ஒட்டி ஒட்டிக் கவுதின்னு தெக்கறாங்க. ஒரு மூலையில தொடங்கி ஓரமாவே சுத்திச் சுத்தி வந்து நடுவுல முடிப்பாங்க. கடைசியா நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சு அடுக்கித் தெப்பாங்க, அதுக்குப் பூன்னு பேரு. பூ வெக்காத கவுதி அம்மணமா நிக்குதும்பாங்க. கழட்டி முழுங்க முடியாத அழகு அது. நாலு மூலைக்கு நாலு பூ, உன்ற ஆசையும் தீந்துரும்.

எப்ப முடிப்பே? இந்தக் கேள்வியைக் கேட்டாப் பொம்பளைப் புள்ளைங்களுக்குக் கோவம் வரும், தெரிஞ்சேதான் கேக்கறேன். பொறக்கறதுக்கு முந்தி எதுவும் தெக்கக் கூடாதுன்னு உங்க அமுச்சி தடை போட்டுட்டா. இப்பக் குழந்தை பொறந்துருச்சு, அது உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. நாலு, அஞ்சு மாசத்துல குப்புற விழும், ஆறு, ஏழுல உக்காரும், அப்புறம் தவழ ஆரம்பிச்சுட்டா துப்பட்டிமேல எதுக்கு நிக்கப் போகுது? யானையும் நெலாவும் போட்டுக்கிட்டு இருந்தீன்னா அதோட காதுகுத்துக்குத்தான் கொண்டுபோவே. நூலோட்டம் மட்டும்னா டிவி பாத்துக்கிட்டே மாசத்துக்குள்ள முடிச்சுரலாம். டிவி பாக்கற நேரத்தை உத்தேசமாத்தான் சொன்னேன், நெசத்தைச் சொன்னா வாரத்துல முடிஞ்சுரும்.

முடிச்சதும் ஒரு தடவை தொவைச்சு, நல்ல வெயில்ல காயவெச்சுக் குடு. கண்ணாடிக் காயிதம், ரிப்பன், அட்டைப்பொட்டி ஒன்னும் வேண்டாம். அது மேல “அன்புடன்”னு உன்ற பேரைப் பூவேலை பண்ற ஆசை வரும். பண்ணு, தடுக்கலை. மொதல்ல ஈரமாகறது அந்த எடந்தான்.

குடுக்கறப்போ எத்தனை ராத்திரி கண்ணு முழிச்சேன், வெரல்ல எத்தனை குத்து வாங்கினேன்னு கணக்கு ஒப்பிக்காதே. பிரசவம் ஆனவகிட்டப் போய் வலியைப் பத்திப் பேசறதுக்கும் ஒரு தைரியம் வேணும். “மிசின்ல போடு, போனாப் போகுது”ன்னு சொல்லு, அவ்வளவுதான். அடுத்த தடவை போறப்போ துப்பட்டி எங்கன்னு கண்ணால துழாவாதே. மொய் எழுதினவன் பந்தியில தன்ற பணத்துக்குச் சோறு வந்துச்சான்னு பாக்கற புத்தி அது. அவ பீரோவைத் தொறந்து, “உன்ற ஞாபகமா மடிப்புக் கலையாம வெச்சிருக்கேன்”னு காட்டினாள்னா உன்ற வேலை தோத்துப்போச்சு. கறை புடிச்சு, ஓரம் நைஞ்சு, ஒரு பூ பிஞ்சு, மஞ்சளும் மருந்தும் அப்பிக்கிட்டுக் கெடந்தா ஜெயிச்சுட்டே. அது கடைசியில கால்மிதியாப் போனாலும் மூஞ்சியத் தூக்கிக்காதே. கால்மிதியா ஆகற வரைக்கும் உழைச்சிருக்குதுன்னு அர்த்தம்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்குது. மொத வாரம் தாண்டின குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்குக் கொறையாம ஈரம் பண்ணும், வெளிக்குப் போறது தனிக் கணக்கு. நீ துப்பட்டியோட போய் நிக்கற நேரத்துல அவ வீட்டுல ஒரு வாளி துணி ஊறிக்கிட்டு இருக்கும், சமைக்காத அடுப்பு ஒன்னு இருக்கும். குழந்தையை மடியில வாங்கிக் கொஞ்சிப்போட்டு, காப்பி வரும்னு உக்காந்துறாதே. துப்பட்டியை ஓரமா வெச்சுட்டு அந்த வாளியைத் தூக்கு. அலசிக் காயப்போட்டு, ஒரு ரசம் வெச்சு, அவளைச் சித்த நேரம் தூங்கச் சொல்லிட்டு வா. நீ தெச்சதைவிட அதுதான் அவளுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும். அதை மட்டும் போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பி வெச்சுராதே கண்ணு. புள்ளை பெத்தவளுக அத்தனை பேரும் உனக்குச் சிநேகிதியாயிருவாளுக.